பயமா இருக்கா என்று கேட்கும் அறை

குக்கர் அடுப்பில் இருக்கும்போது நான் சமையலறைப் பக்கம் போவதில்லை. போயே தீர வேண்டுமென்றால் சுவரை ஒட்டி, வெயிட்டுக்கு நேரே முகம் வராதபடி பக்கவாட்டில் நழுவிப் போவேன். "முப்பது வருஷம் பிரஸ்ஸோட குடித்தனம் பண்ணின மனுஷன், ஒரு ஆழாக்கு அரிசி வேகற குக்கருக்கு எப்படி நடுங்கறார் பாருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். குக்கருக்குள் இருப்பது வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். நான் வேலை பார்த்த அறையில், பொருள்களை அழுத்திச் சோதிக்கும் பிரஸ்ஸில், அது முப்பதாயிரம் மடங்கு வரை போனது. குக்கருக்காவது சேஃப்டி வால்வு என்று ஒன்று உண்டு. எங்களுடையதற்குக் கிடையாது.

என் பெயர் குமரேசன். அடையாறு பக்கம் மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்தில் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில், உயர் அழுத்தப் பிரிவில் டெக்னிகல் அசிஸ்டென்டாகச் சேர்ந்து டெக்னிகல் ஆபீசராக ஓய்வு பெற்றவன். இப்போது வேளச்சேரியில் இருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளை எல்லாம் பரண் மேல் ஏற்றிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். சுபாவத்திலேயே பயந்தவன் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சமீபத்தில் எங்கள் பிரிவுக்குப் புது பிரஸ் வந்தது. இப்போது அங்கே தலைவராக இருக்கும் பிரவீன் போன் செய்தார். "ஒரு மலர் போடறோம் சார். அந்தக் காலத்துல கையால பம்ப் அடிச்சு, பயமே இல்லாம வேலை செஞ்சிருக்கீங்க. அதைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து யோசித்தால் பயமே இல்லாமல் வேலை செய்த ஒரு நாளும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதனால் வந்ததை எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, கிண்டியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டி, பேப்பரில் விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டு உள்ளே வந்தவன் நான். மீக்கடத்தல் என்ற சொல்லையே நேர்முகத் தேர்வில்தான் முதல் தடவை கேட்டேன். சில பொருள்களைப் போதுமான அளவு குளிர வைத்தால் மின்தடை அடியோடு மறைந்துவிடும், செலுத்திய மின்சாரம் தேயாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அங்கே சொன்னார்கள். தலையை ஆட்டினேன். வேலை கிடைத்துவிட்டது.

பிரிவின் தலைவர் வைதேகி மேடம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பரம்பரையாக இருக்கும் குடும்பம். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் இரண்டு கெட்டி வளையல். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், நாம் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். ரொம்பக் கோபம் என்றால் "சரி, சரி" என்று இரண்டு தடவை சொல்வார். அந்த இரண்டாவது 'சரி'யைக் கேட்டால் எனக்குக் காய்ச்சல் வரும்.

பிரஸ் இருந்தது தரைத்தளத்தின் கடைசி அறையில். ஜன்னல் கிடையாது. தேக்குக் கதவில், ஆள் நெஞ்சு உயரத்தில், தீக்குச்சித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை. எனக்கு முந்தைய காலத்தில் உடைந்த பிஸ்டனிலிருந்து ஒரு சில்லு அதன் வழியாக வெளியே போயிருக்கிறது. அதை அடைக்க வேண்டாம் என்று மேடம் சொல்லியிருந்தார். கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் ஒரு எவர்சில்வர் டபரா. பிரஸ் வேலை இருக்கும் நாளில் மேடம் உள்ளே நுழையும் முன் கைக்கடிகாரத்தையும் வளையல்களையும் கழற்றி அந்த டபராவில் போடுவார். வளையல் விழும் சத்தம் கேட்டால் வராந்தாவில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

முதல் நாள் நான் உள்ளே போனதும் அவர் கேட்ட கேள்வி, "குமரேசன், பயமா இருக்கா?"

 பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. "ரொம்ப பயமா இருக்கு மேடம்" என்றேன். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"நல்லது. உள்ள வாங்கோ" என்றார்.

அதுதான் அந்த அறையின் வழக்கம். ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஏற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பார். இருக்கிறது என்றால் இருக்கலாம். இல்லை என்றால் அன்றைக்கு வெளியே. வாதம், விளக்கம் எதுவும் கிடையாது. வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு பெரிய மனிதர் புன்னகையோடு இல்லை என்றார், அவரும் வராந்தாவில் உட்கார்ந்து மேகசீன் படித்தார். மற்ற எல்லோரையும் கேட்டு முடித்த பிறகு மேடம் தானாகவே, "எனக்கும் இருக்கு. ஆரம்பிக்கலாம்" என்பார்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். மேடம் மாணவியாக இருந்தபோது கூடப் படித்தவர் ஒருவர் பக்கத்து மேஜையில் கண்ணை இழந்ததைப் பார்த்திருக்கிறார். "பயம் இருக்கறவா கண்ணு அழுத்தம் ஏறற செல்லு மேலயே இருக்கும். பயம் போயிடுத்துன்னா கண்ணு ரிசல்ட் மேல போயிடும். அவன் அப்படித்தான் எட்டிப் பார்த்தான்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

பம்ப் அடிப்பதற்கு டில்லி என்பவன் வந்தது நான் சேர்ந்ததற்கு அடுத்த வருஷம். பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, என் வயதுதான், தோள் ஒவ்வொன்றும் ஒரு தூண் மாதிரி இருக்கும். மேடம் கேட்டதும் அவன் சிரித்துவிட்டான்.

"பயமா? இன்னா மேடம் நீங்க. புயல்ல போட்ல போய்க்கினு இருந்தவன் நானு. இந்த டப்பாவுக்கா பயப்படுவேன்?"

"வெளியில இரு டில்லி."

ஒரு வாரம் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டபராவைக் காவல் காத்தான். அந்த வாரத்தில் ஒரு நாள் உள்ளே பிஸ்டன் ஒன்று 'டப்'பென்று போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வெளியே இருந்த டில்லி மட்டும் ஸ்டூலோடு சாய்ந்துவிட்டான். மறுநாள் மேடம் கேட்டபோது, "ஆமா மேடம். பயமாத்தான் கீது" என்றான். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அவன் பதில் மாறவில்லை.

நாங்கள் அழுத்தியது காப்பர் ஆக்சைடு வகைப் பொருள்களை. அவற்றுக்குள் செம்பும் ஆக்சிஜனும் அடுக்கடுக்காக இருக்கும். சில அடுக்குகளில் எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள் ஓடத் தொடங்கினால்தான் மீக்கடத்தல் வரும். ஆனால் சிலவற்றில் அந்தக் காலியிடங்கள் தப்பான அடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு நகராமல் இருக்கும். எவ்வளவு குளிர வைத்தாலும் பயனில்லை. இறுக்கி அழுத்தினால் அடுக்குகள் நெருங்கி, காலியிடங்கள் சரியான அடுக்குக்கு இடம் பெயரும். மேடம் எங்களுக்குச் சொன்ன விளக்கம் சுலபமானது. "மயிலாப்பூர்லேர்ந்து தி. நகர் போற பஸ்ஸுல ஃபுட்போர்டுல தொத்திண்டு இருக்கான் பாருங்கோ. அவனைக் கெஞ்சினா உள்ள போவானா? பின்னாலேர்ந்து நெருக்கினாத்தான் போவான். அதைத்தான் நாம பண்றோம்."

நெருக்குவதற்கு எங்களிடம் இருந்தது செல். பெரிய டம்ளர் அளவு, பொன்னிறத்தில் ஒரு உலோக உருளை, உள்ளே அதைவிட உறுதியான இன்னொரு குழாய். குழாயின் நடுவில் டெஃப்லான் கிண்ணம், கிண்ணத்தில் எண்ணெய், எண்ணெயில் அரிசி நொய்யைவிடச் சின்னதாக மாதிரிப் பொருள். அதில் மைக்ராஸ்கோப் வைத்து நான்கு தங்கக் கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டுவது என் வேலை. இரண்டு கம்பி மின்சாரம் செலுத்த, இரண்டு கம்பி மின்னழுத்தம் அளக்க. கம்பிகள் நான்கும் செல்லின் அடிமூடி வழியாக வெளியே வரும். மேலே டங்ஸ்டன் கார்பைடு பிஸ்டன். அது எஃகைவிடக் கடினம், ஆனால் உடைந்தால் கண்ணாடி.

செல்லை பிரஸ்ஸில் வைத்து, மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து டில்லி பம்பை அடிப்பான். ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி. உள்ளேயிருந்து அவ்வப்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். உலோகம் தனக்கு இடம் பார்த்துக்கொள்ளும் சத்தமாக இருக்கலாம், விரிசலின் முதல் எழுத்தாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் காதால் கண்டுபிடிக்க முடியாது. சத்தம் வந்தால் மேடம் "மேல" என்று சொல்லும் வரை யாரும் அசையக் கூடாது. 

வேண்டிய அழுத்தம் வந்ததும் நான் நீளமான கம்பியால் மேல் நட்டை இறுக்கிப் பூட்டுவேன். டில்லி பிரஸ்ஸைத் தளர்த்துவான். பார்க்கிறவர்கள் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். பிரஸ்தான் தளர்ந்தது, அழுத்தம் அப்படியே செல்லுக்குள் பூட்டிக் கிடக்கும். அதை நாங்கள் கையில் எடுத்துக்கொண்டு, அதன் இரண்டு முனைகளுக்கும் நேரே உடம்பில் எதுவும் வராதபடி பிடித்து, அடுத்த அறைக்கு நடந்து போய், குளிர வைக்கும் திரவ ஹீலியத்துக்குள் இறக்க வேண்டும். அந்த நடை என் கனவில் இன்னும் வருகிறது. கனவில் வராந்தா முடிவதே இல்லை.

பாதரசம் கலந்த காப்பர் ஆக்சைடு செய்தபோது வந்தது வேறு மாதிரி பயம். அதை அழுத்தினால் மீக்கடத்தல் இன்னும் அதிக வெப்பநிலையிலேயே தொடங்கும், அதனால் அதன் மேல் எல்லோருக்கும் ஆசை. மூடிய குவார்ட்ஸ் குழாயில் வைத்து உலையில் சூடாக்க வேண்டும். ஒரு நாள் குழாய் உலைக்குள்ளேயே வெடித்தது. ஓடினோம். மேடம் எல்லோருக்கும் பின்னால் வந்து, வராந்தாவில் எங்கள் தலைகளை எண்ணிவிட்டு, மூச்சை வாங்கி விட்டார். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு போய்க் கந்தகப் பொடியைத் தூவிப் பாதரசத்தைக் கட்டினோம். அதற்குப் பிறகு பல நாள் நான் கண்ணாடியில் ஈறைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதரசம் ஏறினால் ஈறில் கோடு விழும் என்று எங்கோ படித்திருந்தேன். கோடு விழவில்லை, பார்க்கும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

இதெல்லாம் ஒன்றுமில்லை. நான் எழுத நினைத்தது ஒரே ஒரு நாளைப் பற்றி.

அன்றைய மாதிரிப் பொருள், சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர வைத்தாலும் மீக்கடத்தலே காட்டாத ஒரு காப்பர் ஆக்சைடு. அதற்குள் செம்பும் ஆக்சிஜனும் சில இடங்களில் சங்கிலி போலவும், சில இடங்களில் ஏணி போலவும் இருக்கும். காலியிடங்கள் சங்கிலியில் சும்மா கிடக்கும். அழுத்தினால் ஏணிக்குப் போகும், போனால் மீக்கடத்தல் பிறக்கலாம் என்பது கணக்கு. மேடம் அதன் பின்னாலேயே வருஷக்கணக்கில் அலைந்திருந்தார். செல் தாங்கும் என்று நாங்கள் நம்பிய எல்லைக்குள் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு எல்லையைத் தாண்டுவது என்று முடிவெடுத்தார். மூன்று பேரும் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏற்றினோம். முப்பதாயிரம் மடங்கு. பூட்டினோம், நடந்தோம், இறக்கினோம்.

வெப்பநிலை கீழே போகப் போக, ரெக்கார்டரின் பேனா தாளில் மின்தடைக் கோடு போட்டுக்கொண்டே வந்தது. தனிச் சுழிக்கு, அதாவது குளிரின் கடைசி எல்லைக்கு, இன்னும் பத்து டிகிரி இருக்கும்போது கோடு மடிந்தது. மடிந்து, சறுக்கி, அடியில் போய்ப் படுத்தது. சைபர்.

 மேடம் கையால் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. "டில்லி, அந்த ஃபேனை நிறுத்து. தாள் ஆடறது" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் இந்தத் தொழிலில் சைபரை அப்படியே நம்ப முடியாது. அளக்கும் கம்பிகள் இரண்டும் உள்ளே குளிரில் சுருங்கி ஒன்றை ஒன்று தொட்டுவிட்டாலும் பேனா சைபரைத்தான் காட்டும். நிஜமா பொய்யா என்று தெரிய, மெல்லச் சூடாக்கி, கோடு அதே இடத்தில் திரும்ப எழுகிறதா என்று பார்க்க வேண்டும். சூடாக்கத் தொடங்கினோம். எழ வேண்டிய இடத்துக்கு வருவதற்குள் பேனா பைத்தியம் பிடித்தது போல் தாளில் கிறுக்கியது. ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது.

செல்லை வெளியே எடுத்தோம். விட்டது வெளிப்பக்கம், அடிமூடியை ஒட்டிய சால்டர் இணைப்பில். வழக்கம்போல நான் மைக்ரோமீட்டர் வைத்து உருளையின் விட்டத்தை அளந்தேன். நடுவில் தலைமுடி அளவுக்கு உப்பியிருந்தது. திரும்ப அளந்தேன், அதே அளவு. தலைமுடிதானே என்று நினைக்கக் கூடாது. அந்த உலோகம் ஒரு தடவை உப்பினால் அது தோற்றுப்போய்விட்டது என்று பொருள். மேல் நட்டைத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை; உள்ளே அழுத்தம் அப்படியே இருந்தது. அறையின் சூட்டுக்கு வர வர உள்ளே அழுத்தம் இன்னும் ஏறும். கையில் இருப்பது எப்போது வேண்டுமானாலும் போகும். 

செல்லை பிரஸ் அறைக்குக் கொண்டுபோய் மூட்டைகளுக்கு நடுவில் வைத்தோம். இனி இரண்டே வழி. ஒன்று, பிரஸ்ஸில் வைத்து, பூட்டிய அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி, நட்டை விடுவித்து அழுத்தத்தை இறக்கிவிடுவது. இறக்கினால் மாதிரிப் பொருள் நொறுங்கும், அன்றைய சைபர் நிஜமா என்பது தெரியாமலே போகும். இன்னொன்று, கம்பியைத் திரும்ப ஒட்டி, மறுபடி குளிர வைத்துப் பார்ப்பது. ஒட்ட வேண்டுமென்றால் அடிமூடிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, உப்பிப்போன செல்லின் மேல் சூடான சால்டரிங் அயர்னை வைக்க வேண்டும்.

மேடம் வராந்தாவில் ஏதோ யோசித்தபடி நின்றுவிட்டு, பிறகு உள்ளே வந்தார். "ஒரே ஒரு ஜாயின்ட். நானே ஒட்டிடறேன். இன்னொரு ரன் மட்டும் பார்த்துடலாம்" என்றார். குரல் கேட்கவே இல்லை, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

டில்லி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"டில்லி, பயமா இருக்கா?"

"கை கால் ஓடல மேடம்."

"குமரேசன்?"

"இவ்வளவு பயம் எனக்கு இதுவரைக்கும் வந்ததில்ல மேடம்."

அடுத்து அவர் "எனக்கும் இருக்கு" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. செல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு என்ன தைரியமோ தெரியாது, தைரியமே இல்லை, வாய் தானாகக் கேட்டது. "உங்களுக்கு, மேடம்?"

 அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "இல்லை" என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் செல்லைவிட அவரைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சைபர் அவர் கண்ணைப் பிடுங்கிக்கொண்டது என்று தோன்றியது. கூடப் படித்தவர் எட்டிப் பார்த்தது போல இவரும் எட்டிப் பார்க்கப் போகிறார். "அப்ப வெளியில இருங்க மேடம்" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

அவர் கோபப்படவில்லை. "சரி" என்றார், ஒரே தடவை. திரும்பிக் கதவைத் திறந்தபோது வளையல் தாழ்ப்பாளில் இடித்துக் 'கிணிங்' என்றது. கதவு மூடிக்கொண்டது.

உள்ளே மிஞ்சியது நானும் டில்லியும். முடிவு எங்களுடையது. "இறக்கிடலாம் டில்லி" என்றேன்.  செல்லை பிரஸ்ஸில் ஏற்றி, இருக்கிற மூட்டைகளை எல்லாம் சுற்றி அடுக்கி, அவன் பம்பின் பிடியை ஒரு இரும்புக் குழாயால் நீட்டிக்கொண்டு தரையில் படுத்தான். நான் மூட்டைகளின் இடுக்கில் நீளக் கம்பியை விட்டு நட்டைப் பிடித்துக்கொண்டேன். ஏற்கெனவே தோற்றுப்போன ஒன்றை இன்னும் அழுத்த வேண்டும். ஒரு அடி. 'டிக்.' "மேல" என்று சொல்ல ஆளில்லை, நாங்களாகவே காத்திருந்தோம். இன்னொரு அடி. 'டிக்', உடனே இன்னொரு 'டிக்'. டில்லி முணுமுணுத்தது கேட்டது. "அம்மாவ ஒரு தபா பாத்துட்டு வந்திருக்கலாம் சார்."

அடுத்த அடியில் நட்டு அசைந்தது. திருப்பினேன், சுழன்றது. டில்லி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தான். அழுத்தமானியின் முள் சைபருக்கு வந்து நின்ற பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே டில்லி அழுதுகொண்டிருந்தான். நானும்தான்.

திறந்து பார்த்தால் உள்குழாய் மேலிருந்து கீழ் வரை பிளந்திருந்தது, நகத்தை நுழைக்கும் அளவுக்கு. வெளி உருளை மட்டுமே அத்தனையையும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மாதிரி பொடியாகிவிட்டது. அளக்கும் கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டிக் கிடந்தன. அவை முன்பே தொட்டனவா, இறக்கும்போது நசுங்கித் தொட்டனவா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. மேடம் அந்தப் பிளவை வெகு நேரம் பார்த்தார். "ஆத்துக்குப் போங்கோ ரெண்டு பேரும்" என்றார். அவ்வளவுதான்.

புதுச் செல் வந்தபோது அவரே எல்லையைப் பாதியாகக் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அழுத்தத்துக்கு நாங்கள் திரும்பப் போகவே இல்லை. அதே குடும்பத்துப் பொருளில் வெளிநாட்டில் வேறு சிலர் மீக்கடத்தலைக் கண்டுவிட்டார்கள் என்று பிறகு ஒரு நாள் செய்தி வந்தது. மேடம் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். எனக்கு அன்றிலிருந்து புதிதாக ஒரு பயம் பிடித்தது. ஒருவேளை அது நிஜச் சைபராக இருந்திருந்தால்? அவருடைய வாழ்நாள் வேலையைப் பயந்தாங்கொள்ளியான நான் வெளியே அனுப்பிவிட்டேனா? தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லும்போது முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலையை என் கையில் கொடுத்துப் போடச் சொன்னார்கள். அவசரமாகப் போட்டதில் மாலை அவர் காதில் மாட்டிக்கொண்டது.

டில்லி இப்போது பெரும்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறான். போனில் இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால், "உயிரோட கீறோம்ல சார், வுடு" என்பான். என்னால் விட முடியவில்லை.

மலருக்கு எழுதச் சொன்ன பிரவீனின் போனில் இன்னொரு விஷயமும் இருந்தது. புது பிரஸ்ஸில் முதல் சோதனையாக அதே பொருளை, புதிதாகச் செய்து, அதே அழுத்தத்தில் அளக்கப் போவதாகச் சொன்னார். வைதேகி மேடத்தை நான்தான் அழைத்துவர வேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்தோம். மேடத்துக்கு எண்பது தாண்டிவிட்டது. கைத்தடி வந்திருக்கிறது, வளையல் இரண்டும் தளர்ந்து முழங்கை வரை ஓடுகின்றன. பழைய தேக்குக் கதவு இல்லை, ஓட்டையும் அதோடு போய்விட்டது. பிரஸ் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் போதும்.

"இப்ப பயப்பட ஒண்ணுமே இல்ல மேடம்" என்றார் பிரவீன்.

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

"சுத்தமா இல்ல மேடம்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "குமரேசன், என் நாற்காலியைக் கதவுகிட்டப் போடுங்கோ" என்றார். என்னுடையதையும் சேர்த்து இழுத்துப் போட்டேன்.

திரையில் கோடு ஊர்ந்து வந்தது. எனக்கு இரண்டு பக்கமும் பயம். கோடு விழாவிட்டால், இத்தனை வருஷம் அவர் மனசில் வைத்திருந்த அந்தச் சைபர் என் கண் முன்னாலேயே பொய்யாகிவிடும். விழுந்தால், அதை அவரிடமிருந்து பிடுங்கியவன் நான் என்று ஊர்ஜிதமாகிவிடும். கைக்குட்டை நனைந்துவிட்டது.

கோடு மடிந்தது. சறுக்கியது. அடியில் போய்ப் படுத்தது. பிரவீன் சூடாக்கினார், அதே இடத்தில் எழுந்தது. திரும்பக் குளிர வைத்தார், திரும்ப விழுந்தது. இளைஞர்கள் கைதட்டினார்கள்.

"அதே எடம்" என்றார் மேடம், எனக்கு மட்டும் கேட்கும்படி.

என்னால் தாங்க முடியவில்லை. "மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன்.

"எதுக்கு?"

"அன்னிக்கு உங்களை வெளியில அனுப்பினதுக்கு. இது நிஜம் மேடம். அன்னிக்கே நிஜம். நான்தான் கெடுத்தேன்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கிக் காட்டினார். வளையல்கள் முழங்கை வரை சரிந்தன.

"அன்னிக்கு ஒட்டறேன்னு திரும்ப உள்ள வந்தப்ப நான் இதைக் கழட்டவே இல்லையே குமரேசன். நீங்க பாக்கலையா?"

அன்றைக்கு வளையல் தாழ்ப்பாளில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அத்தனை வருஷமும் அது காதிலேயே இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

"ஒட்டணும்னு வந்திருந்தா வளையலோடயா உள்ள வருவேன்? அவ்வளவு பயம் எனக்கு. ஸ்டூல்கிட்ட நின்னு பார்த்தேன், கழட்டக் கை வரல. அந்த சைபரைப் பார்த்தப்பறம் நானா வெளியில போகவும் கால் வரல. யாராவது அனுப்பணும். இல்லைன்னு சொன்னா நீங்க அனுப்பிடுவேள்னு நெனச்சேன்."

"மேடம்…"

"நீங்க பேசாம நின்னுட்டேள்னா என்ன பண்றதுன்னுதான் உயிரே போயிடுத்து" என்றார். "நின்னிருந்தேள்னா, உக்காந்து ஒட்டியிருப்பேன்."

பிரவீன் லட்டு டப்பாவை நீட்டிக்கொண்டு வந்தார். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். வாயில் போடுவதற்கு முன் என் நாற்காலியைக் கதவுப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன்.